ஆரஞ்சும் திருநீற்றுப்பச்சிலையும்

என் தம்பிக்குத் துபாயில் ஓட்டல் வேலை. ஆவூரில் யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் அவ்வளவுதான் சொல்வோம். கேட்கிறவர்கள் அவன் சமையல்காரன் என்று நினைத்துக்கொள்வார்கள், நாங்களும் திருத்தமாட்டோம். உண்மையில் அவன் அந்த ஓட்டலின் பாரில் நின்று காக்டெய்ல் கலக்குகிறவன். திருச்சியில் கேட்டரிங் படித்துவிட்டுப் போனவன், முதலில் தட்டு கழுவி, பிறகு மேசை துடைத்து, கடைசியில் அங்கே போய் நின்றான். அவன் குடிப்பதில்லை. கலக்கியதில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பான், துப்பிவிடுவான். அது அவனுக்கு உப்புப் பார்க்கிற மாதிரி.

நான் பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஆவூர் வீட்டில் நான் இருக்கிறேன். அதனால் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு எல்லாரும் வந்து சேருகிற இடம் இதுதான். தம்பி மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் திருச்சியிலிருந்து வருவார்கள். அக்காவும் அத்தானும் திருமயத்திலிருந்து பஸ்ஸில் வருவார்கள். சித்தப்பாவும் சித்தியும் அடுத்த தெருதான்.

இந்தச் சாப்பாட்டுக்கு ஒரு முறை இருந்தது. மாதா கோவிலில் பூசை முடிந்து வந்து, கேக் வெட்டி, பலகாரம் தின்றதும் ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலுக்குப் போவார்கள். அங்கே கிணற்றடியில் ஒரு மோட்டார் ரூம் இருக்கிறது. "மோட்டாரப் பாத்துட்டு வாரோம்" என்பார்கள். எத்தனையோ வருடம் அந்த மோட்டாரைப் பார்த்தார்கள். பிரியாணி ஆறி, பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கி, நாங்கள் பெண்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டே சாப்பிட்டு முடித்த பிறகு, கண் சிவந்து திரும்பி வருவார்கள். தம்பி லீவில் வரும் வருடங்களில் விமான நிலையத்தில் வாங்கிய வெளிநாட்டுப் பாட்டில் ஒன்று அவன் பெட்டியில் இருக்கும். அதை அத்தான் கையில்தான் கொடுப்பான். அத்தானுக்கு அதில் ஒரு பெருமை.

அத்தான் திருமயத்தில் மோட்டார் காயில் சுற்றும் கடை வைத்திருக்கிறார். செம்புக் கம்பியை வரிசை பிசகாமல் சுற்ற வேண்டிய வேலை. குடி அதிகமான பிறகு காலையில் கை நடுங்கும். நடுக்கம் நிற்க ஒரு மடக்கு வேண்டும். அப்புறம் அதுவே நாள் முழுக்க என்றாகிவிட்டது. அக்கா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். பேசினால் தம்பியைத்தான் பேசுவாள். "ஊர ஊத்திக் குடுத்துக் கெடுக்கிற பொழப்பு" என்று ஒருமுறை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அதற்குப் பிறகு அவனிடம் போனில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

நான் சொல்ல வந்த வருடம், ஆடியில் அத்தான் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் வெகு நாள் கிடந்தார். ஈரல் பாதிக்குமேல் போய்விட்டது, இனிமேல் தொட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் விட்டுவிட்டார். எப்படி விட்டார் என்று எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்தபோது மெலிந்து, சட்டைக்குள் ஆள் தனியாக இருந்தார். கடையைத் திறந்து உட்கார்ந்திருப்பார், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார், வேறு எங்கும் போகமாட்டார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் அக்கா மட்டும்தான் போனாள்.

டிசம்பர் தொடக்கத்தில் அக்கா போன் செய்தாள்.

"இந்த வருசம் கிறிஸ்மஸுக்கு நாங்க வரலடி."

"ஏன்க்கா?"

"ஏன்னு கேக்குறியே. வந்தா அவரு எங்க போயி ஒக்காருவாரு? சித்தப்பா கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போவாரு. போகாம இங்கிட்டு பொம்பளைங்களோட ஒக்காந்தா அதுக்கும் கேலி பேசுவாக. எதுக்கு வம்பு?"

தம்பி அந்த வாரம்தான் லீவில் வந்து, திருச்சியில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு என்னோடு இருந்தான். அவனிடம் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான்.

"இந்தத் தடவ பாட்டில் எதுவும் கொண்டுவரலக்கா" என்றான்.

"தெரியும். பெட்டி திறந்தப்பவே பாத்தேன்."

"மச்சான வரச்சொல்லு. நான் ஒண்ணு கலக்குறேன். ஒரு சொட்டு சரக்கு இருக்காது. ஆம்பள, பொம்பள, பிள்ளைங்க எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து குடிக்கிற மாதிரி. அங்க டிசம்பர் வந்தா குடிக்காதவங்க நெறையப் பேரு அதைத்தான் கேப்பாங்க."

"ஜூஸா?"

"ஜூஸ் இல்லக்கா" என்றான், கொஞ்சம் வருத்தத்தோடு. "ஜூஸ் தாகத்துக்குக் குடிக்கிறது. இது பேசிக்கிட்டே குடிக்கிறது."

அக்காவை நான் சம்மதிக்க வைத்தேன். கலக்கப்போவது தம்பி என்றதும், "அவன் கலக்குறதுல என்ன இருக்குமுன்னு யாருக்குத் தெரியும்" என்றாள். "நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அவன் அங்கே செய்வதில் ஆரஞ்சு, எலுமிச்சை, அதோடு ரோஸ்மேரி என்றொரு இலை. படம் காட்டினான், சவுக்கு இலையைக் கத்தரித்த மாதிரி இருந்தது. பக்கத்துக் கீரனூரிலும் விராலிமலையிலும் அதற்கு எங்கே போவது? "அது இல்லாட்டி பேசில் எலை போடலாம்" என்று இன்னொரு படம் காட்டினான். எனக்கு அதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டில் துணி துவைக்கிற கல்லுக்கு அருகில் ஒரு செடி அடர்ந்து நிற்கும். அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கில் வைத்தவன் சிரித்துவிட்டான். "இதேதான். கொஞ்சம் காரம் கூட."

பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்தார். அவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள், நாங்கள் வேதக்காரர்கள், ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது.

"என்ன டீச்சர், பச்சிலையப் பிடுங்குறீங்க? காது வலியா?"

"இல்லக்கா, தம்பி கிறிஸ்மஸுக்கு ஒரு சாறு கலக்குறான். அதுல போடணுமாம்."

"திருநீத்துப்பச்சிலையவா? நாங்க சாமி மாலையில வச்சுக் கட்டுறது. நீங்க குடிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவரே ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தார். "கலக்குனா எனக்கும் ஒரு டம்ளர் குடுத்துவிடுங்க. என்ன கண்றாவின்னு பாக்குறேன்."

பழத்துக்கு இருவரும் திருச்சி காந்தி மார்க்கெட் போனோம். கமலா ஆரஞ்சு சீசன். தம்பி ஒவ்வொரு பழத்தையும் கையில் தூக்கிக் கனம் பார்த்தான், தோலை நகத்தால் லேசாகக் கீறி முகர்ந்தான். கடைக்காரர் எரிச்சலோடு, "தம்பி, பொண்ணு பாக்க வந்தியா, பழம் வாங்க வந்தியா?" என்றார். இவன் அதையும் பொருட்படுத்தவில்லை. கமலா ஆரஞ்சு, கொஞ்சம் சாத்துக்குடி, எலுமிச்சை. நார்த்தங்காய் எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே உண்டு.

முதல் தடவை கலக்கியது வாயில் வைக்க முடியவில்லை. நார்த்தங்காய்ச் சாறு கூடிப்போய்த் தொண்டை வரைக்கும் கசந்தது. "ஊறுகாயத் தண்ணியில கரைச்ச மாதிரி இருக்கு" என்றேன். அவனும் ஒப்புக்கொண்டான். அடுத்த தடவை நார்த்தங்காய்ச் சாற்றை விட்டுவிட்டு, அதன் தோலின் பச்சைப் பகுதியை மட்டும் மெல்லிசாகச் சீவி, சூடான சர்க்கரைப் பாகில் போட்டு மூடி வைத்தான். இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போட்டான். பாகு ஆறினதும் தோலை எடுத்துவிட்டான். கசப்பு வரவில்லை, வாசனை மட்டும் பாகில் தங்கியிருந்தது.

இலையை எப்படிப் போடுவது என்பதில் எனக்கும் அவனுக்கும் சண்டை வந்தது. நான் மிக்சியில் அடிக்கலாம் என்றேன். அவன் பதறிப்போனான். "அடிச்சா பச்சைத் தண்ணியா, புல்லு வாசம் வரும். எலைய நசுக்கக் கூடாது. சும்மா உசுப்பி விடணும்." உள்ளங்கையில் இலைகளை வைத்து இன்னொரு கையால் ஒரு தட்டு தட்டினான். பிறகு பாத்திரத்தில் போட்டுப் பருப்பு மத்தால் இரண்டு அழுத்து அழுத்தினான். அவ்வளவுதான். குலுக்குவதற்கு அவன் வேலைச் சாமான் எதையும் கொண்டுவரவில்லை. "லீவுலயும் அதத் தூக்கிட்டுத் திரியவா?" என்றான். நான் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் எவர்சில்வர் பாட்டிலில்தான் குலுக்கினான். தோளுக்குமேல் தூக்கிக் குலுக்கும்போது அவன் முகம் வேறு மாதிரி ஆனது. இத்தனை வருடத்தில் அவன் வேலை செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். தம்பி என்கிற நினைப்பு போய், யாரோ ஒரு தேர்ந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐஸுக்கு மீன்காரரிடம் கேட்கலாம் என்று யோசித்து, கேட்காமல் விட்டோம். மணமேல்குடியிலிருந்து மீனோடு வருகிற ஐஸ் மீனாகத்தான் மணக்கும். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து டிபன் பாக்ஸ்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தோம்.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அக்காவும் அத்தானும் ஏற்கெனவே வந்து வாசலில் நின்றிருந்தார்கள். முதல் பஸ்ஸிலேயே வந்து, கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பூசை பார்த்துவிட்டு, எங்களுக்கு முன்னால் நடந்து வந்திருக்கிறார்கள். அத்தான் புதுச் சட்டை போட்டிருந்தார். மடிப்புக் கலையவில்லை.

"என்ன டீச்சர், நல்லாருக்கீங்களா?" என்றார். என்னை எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"நல்லாருக்கேன் அத்தான். உள்ள வாங்க."

தம்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அக்கா தம்பியிடம் "எப்ப வந்த?" என்று கேட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் அவனிடம் நேரடியாகக் கேட்ட முதல் கேள்வி அது.

கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தோம். சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். கேக் வெட்டினோம். முறுக்கும் கல்கலாவும் சுற்றிவந்தது. சித்தப்பா வழக்கம்போல வாசலைப் பார்க்க ஆரம்பித்தார். "இருங்க சித்தப்பா, இன்னைக்கு ஒண்ணு கலக்கியிருக்கேன், எல்லாரும் குடிச்சிட்டுத்தான் எந்திரிக்கணும்" என்றான் தம்பி.

"ஏலேய், துபாய்ச் சரக்கா?" என்று சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரக்கு இல்ல. பழமும் எலையும்தான்."

"போடா" என்று சித்தப்பா சிரித்தார். "பார்ல நிக்கிறவன் பழச்சாறு குடுப்பானாக்கும்."

சமையலறையில் பெரிய குண்டான் நிறையச் சாறும் பாகும் இலையும் கலந்து மூடி வைத்திருந்தது. பரிமாறும்போது ஐஸும் சோடாவும் சேர்ப்பதுதான் பாக்கி. தம்பி கண்ணாடி டம்ளர்களின் விளிம்பில் எலுமிச்சையைத் தடவி, உப்பிலும் சர்க்கரையிலும் தோய்த்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். அவன் பிள்ளைகள் ஆரஞ்சுத் துண்டுகளைச் செருகினார்கள். இடையில் சோடா வந்து இறங்கியது, அதை வாங்க நானும் அவனும் வாசலுக்குப் போனோம். அந்த நேரத்தில் சித்தப்பா தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனதை நான் பார்த்தேன். அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தம்பி முதல் டம்ளரை அத்தானுக்குத்தான் கொண்டுபோனான். ஒரு கொத்துப் பச்சிலை மேலே நின்றது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அத்தான் இரண்டு கையாலும் வாங்கினார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். டம்ளர் உதடு வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. அவர் குடிக்கவில்லை. மெதுவாக இறக்கினார். பக்கத்தில் ஜன்னல் திண்டில் வைத்தார்.

"எனக்கு இது வேணாம்ப்பா" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அக்கா டம்ளரை எடுத்து முகர்ந்தாள். அவள் முகம் மாறியது. அதைத் தம்பி கையில் கொடுத்தாள். அவன் முகர்ந்தான். "பிராந்தி" என்றான். சமையலறைக்கு ஓடிக் குண்டானைத் திறந்து பார்த்தான். அதிலும் அதே வாசனை. பிள்ளைகளுக்காக எடுத்து வைத்திருந்த டம்ளர்களை என் கையாலேயே தட்டோடு பறித்தேன்.

அக்கா தம்பியைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவள் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா சொன்னார்:

"அட, என்னடி இப்ப? இடுப்புல இருந்த ஒரு குவார்ட்டர்தான் ஊத்துனேன். அம்புட்டுக் குண்டானுக்கு அது எம்மாத்திரம்? சப்புன்னு இருக்குமேன்னு ஒரு விளையாட்டுக்கு."

"சித்தப்பா, அதுல சின்னப் பிள்ளைங்களும் குடிக்கப் போனாக" என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"மச்சானுக்குன்னு கலக்கினேன்" என்றான் தம்பி. "அவரு ஆஸ்பத்திரியில கிடந்தது தெரியும்ல ஒங்களுக்கு?"

தம்பி குண்டானைத் தூக்கிக்கொண்டு போய்த் தென்னை மரத்தடியில் கவிழ்த்தான். சித்தப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "காசு போட்டு வாங்குன சாமான மரத்துக்கு ஊத்துற. நான் என்ன விசத்தையா கலந்தேன்?" என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வயல் பக்கம் நடந்துவிட்டார். சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். "இந்த மனுசனோட எந்த நல்ல நாளு நல்லாப் போயிருக்கு" என்றார்.

கொல்லையில் அத்தான் அடிபம்பு அருகே நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் போனேன். அவர்தான் பேசினார்.

"வாசம் தெரிஞ்சிருச்சு டீச்சர். அது எனக்குத் தெரியாமப் போகுமா?" என்றார். பிறகு, "வாய்க்குப் போயிருந்தா என்ன ஆயிருக்குமுன்னு எனக்குத் தெரியல" என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பயமாக இருந்தது.

உள்ளே அக்காவும் தம்பியும் நேருக்கு நேராக நின்றிருந்தார்கள். சண்டை போடுவார்கள் என்று நினைத்தேன். அக்கா கேட்டாள்: "மிச்சம் பழம் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு. எல்லாருக்கும் பத்தாது."

"பத்துற மட்டும் செய்யி."

அவளே தரையில் உட்கார்ந்து ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தாள். தம்பி அவள் கையிலிருந்து பழத்தை வாங்கி, உரிக்கக் கூடாது, குறுக்கே வெட்டிப் பிழிய வேண்டும் என்று காட்டினான். "ஒங்க ஓட்டல் முறை எனக்கென்ன தெரியும்" என்றாள் அவள். ஆனால் அவன் சொன்னபடியே பிழிந்தாள். பாகு பாட்டிலில் நல்ல வேளையாக மிச்சம் இருந்தது. நான் பக்கத்து வீட்டுக்குப் போய் இன்னொரு கொத்துப் பச்சிலை ஒடித்து வந்தேன். பழம் குறைவு என்பதால் எலுமிச்சையும் சோடாவும் கூடிவிட்டது. ஆளுக்கு அரை டம்ளர்தான் வந்தது. இந்தத் தடவை முதல் டம்ளரை அக்கா குடித்துப் பார்த்தாள், பிறகு அதையே அத்தானிடம் கொடுத்தாள்.

அத்தான் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"நல்லாத்தான இருக்கு" என்றார். "தொண்டையில கொஞ்சம் பிடிக்குதே, அது என்ன?"

"இஞ்சி மச்சான்."

"ம். அதான்." டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஆனால் சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார், சித்தப்பாவின் நாற்காலி காலியாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அத்தான் எழுந்தார்.

"ஒரு தூக்குல மாமா பங்க ஊத்திக் குடுங்க. நான் போயி அவரக் கூட்டிட்டு வாரேன்."

அக்கா சட்டென்று எழுந்தாள். "அங்கிட்டா? நீங்க போக வேணாம். வேற யாரையாச்சும் அனுப்புவோம்."

"அங்க இருக்கிறது அவரும் ஒரு மோட்டாரும்தான்" என்றார் அத்தான்.

"அவரு கையில பாட்டில் இருக்கும்."

"இருக்கட்டும். எங்கதான் இல்ல? பஸ் ஸ்டாண்டுல எறங்குனா எதிர்ல கடை. எத்தன நாளைக்கு வீட்டுக்குள்ளயே இருக்கிறது?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். "நீ கூடப் போ" என்றாள்.

இருவரும் வரப்பில் நடந்து போவதை நாங்கள் கொல்லையிலிருந்து பார்த்தோம். தம்பி கையில் தூக்கு. மோட்டார் ரூமுக்குள் நுழைந்தார்கள். அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. அக்கா வெங்காயப் பச்சடிக்கு உப்புப் போட்டாள், மறந்து மறுபடியும் போட்டாள். பிரியாணி தம்மில் கிடந்தது. இறக்கினோம். அவர்கள் வரவில்லை. அக்கா கொல்லைக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். எனக்கும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாம்தான் வரவழைத்தோம், நாம்தான் வற்புறுத்தினோம் என்று.

கடைசியில், "நாமளே போவோம்" என்றேன்.

"பொம்பளைங்க அங்க போனதில்லடி."

"நம்ம அப்பா கட்டுன ரூம்தானக்கா."

பிரியாணியை ஒரு அண்டாவில் எடுத்துக்கொண்டோம். சித்தி தட்டுகளை எடுத்துக்கொண்டார். தம்பி மனைவி பச்சடிப் பாத்திரத்தோடு பின்னால் வந்தாள், பிள்ளைகள் வரப்பில் முன்னால் ஓடினார்கள். நெல் கதிர் பிடித்து நின்ற நேரம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈர வரப்பில் நடந்தோம்.

மோட்டார் ரூம் வாசலில் முதலில் அக்காதான் போய் நின்றாள். அவள் தோளுக்குமேல் நான் பார்த்தேன். சித்தப்பா ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் பாதி குடித்த டம்ளர் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. சுவரில் இருந்த, மோட்டாரை ஓடவிடும் ஸ்டார்ட்டர் பெட்டி திறந்து கிடந்தது. அதற்கு முன்னால் அத்தான் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு கம்பியாகக் கழற்றிச் சித்தப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தம்பி செல்போன் வெளிச்சம் பிடித்திருந்தான். தூக்கு மூடியில் ஊற்றிய சாறு அத்தான் காலடியில் இருந்தது.

"எத்தன வருசமா இங்க வந்து ஒக்காந்திருக்கோம்" என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒருத்தனாவது இந்தப் பெட்டியத் தொறந்து பாத்தமா? காயில் கருகிப்போச்சு மாமா. அதான் மோட்டாரு எடுக்கையில உறுமுது. இன்னும் ரெண்டு தடவ போட்டா எரிஞ்சிரும்."

சித்தப்பா எங்களைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. டம்ளரை எடுத்து மோட்டாருக்குப் பின்னால் வைத்தார். கீழே கொட்டவில்லை, அங்கே வைத்தார், அவ்வளவுதான்.

"என்னடி, ஊர்வலமா வந்திருக்கீக" என்றார்.

"சோறு ஆறுதுல்ல" என்றார் சித்தி.

அக்கா அத்தான் பக்கத்தில் போய், அவர் மூச்சு மேலே படுகிற தூரத்தில் உட்கார்ந்து, தட்டில் பிரியாணி வைத்தாள். அவள் ஏன் அவ்வளவு நெருங்கி உட்கார்ந்தாள் என்று எல்லாருக்கும் தெரியும். அத்தானுக்கும் தெரியும். "இஞ்சி வாசம்தான் வரும்" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

ரூமுக்குள் இடம் போதாமல் வெளியே கிணற்றடி மேடையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிள்ளைகள் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டார்கள். கை கழுவும்போது சித்தப்பா என்னிடம், தாழ்ந்த குரலில், "அவன் இம்புட்டு மெலிஞ்சு போனத இன்னைக்குத்தான் பாத்தேன்" என்றார். மன்னிப்பு என்று அவர் கேட்டதில்லை. கேட்கிற ஆளும் இல்லை. தூக்கில் மிச்சம் இருந்ததைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "வெறும் எலுமிச்சம்பழத் தண்ணி" என்று தீர்ப்புச் சொன்னார்.

மாலை பஸ்ஸுக்கு அக்காவும் அத்தானும் கிளம்பினார்கள். அக்கா தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. அவன் ஒரு காகிதப் பையில் பச்சிலைக் கொத்தைப் போட்டு அவளிடம் கொடுத்தான். "தொட்டியில நட்டு வையிக்கா, நல்லா வரும்" என்றான். அத்தான் கையில் அந்த ஸ்டார்ட்டர் இருந்தது, பழைய துண்டில் சுற்றி இடுக்கியிருந்தார்.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அத்தான் மட்டும் வந்து இறங்கினார். புதுக் காயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சித்தப்பாவுக்கு ஆள் அனுப்பினேன். இருவரும் வயலுக்குப் போய் மாட்டினார்கள். நான் டீ எடுத்துக்கொண்டு போனபோது மோட்டார் உறுமாமல் ஓடிக்கொண்டிருந்தது, குழாயில் தண்ணீர் திரண்டு விழுந்தது. அத்தான் ஸ்டார்ட்டரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். டீயைக் குடித்துவிட்டு, கடையில் வேலை கிடக்கிறது என்று அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார்.